பெயரில் இனிக்கும் பால்கோவா

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி கடைத்தெருக்களில் ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்னும் பெயரைக் கண்டதும் நம் கை தானாகவே பணப்பையைத் தேடுகிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஓர் ஊரின் பெயருக்கு இத்துணை மதிப்பு எங்ஙனம் வாய்த்தது?

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர். சுற்றியுள்ள சிற்றூர்களில் கறவை மாடு வளர்ப்பது உழவர் குடும்பங்களின் துணைத்தொழில். குளிரூட்டும் வசதி இல்லாத நாள்களில் விற்று மீந்த பால் பொழுது சாய்வதற்குள் திரிந்துவிடும். அதனையே சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சினால் சில நாள்கள் கெடாமல் இருக்கும். வீணாகும் பாலைக் காக்கும் இவ்வழியே, காலப்போக்கில் ஊரின் பெயர்பெற்ற தொழிலாக வளர்ந்தது.

பாலைச் சுண்டவைக்கும் கலை தமிழ் இல்லங்களுக்குப் புதிதன்று. திருமணத்திற்கும் வளைகாப்பிற்கும் திரட்டுப்பால் காய்ச்சுவது பழைய வழக்கம். ‘கோவா’ என்னும் சொல்லோ வடநாட்டிலிருந்து வந்தது. சுண்டிய பாலை அங்கே ‘கோயா’ என்பர்.

செய்முறையில் மறைபொருள் ஏதுமில்லை. பத்து லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ சர்க்கரை; அகன்ற வாணலி; விறகு அடுப்பு; இடைவிடாது கிளறும் கை. பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீரே. அந்நீர் ஆவியாகப் பாலின் கொழுப்பும் புரதமும் திரண்டு வருகின்றன. சூட்டில் பாலின் சர்க்கரையும் புரதமும் வினைபுரிவதால் இளம்பழுப்பு நிறமும் மணமும் உண்டாகின்றன. கிளறும் கை சற்றே ஓய்ந்தாலும் அடிபிடித்துவிடும். இறுதியில் கிடைப்பது ஏறத்தாழ மூன்று கிலோ மட்டுமே.

இவ்வுழைப்பிற்குச் சட்டத்தின் அரணும் உண்டு. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பதிவு பெற்றது. அப்பதிவகம் நம் சென்னைக் கிண்டியிலேயே இயங்குகிறது. குறித்த வட்டாரத்தில், குறித்த முறையில் செய்த பண்டத்திற்கே இனி அப்பெயர் உரியது. வேறிடத்தில் செய்த பால்கோவாவும் சுவையாக இருக்கலாம். ஆனால், அது தன் சொந்தப் பெயரில் விற்கப்படுவதே நேர்மை.

இல்லத்தரசியர் அறிந்துகொள்ளத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. சிறிதளவு பால்கோவாவை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் இரண்டு மூன்று துளி அயோடின் விடுங்கள். நீலநிறம் தோன்றினால் மைதா போன்ற மாவு கலந்துள்ளது என அறியலாம். சோதித்த பகுதியை உண்ணலாகாது, கொட்டிவிட வேண்டும்.

வீட்டிலேயே செய்ய விரும்புவோர் ஒரு லிட்டர் பாலுக்கு 125 கிராம் சர்க்கரை கொள்ளலாம். அடிகனமான பாத்திரமும் நிறைந்த பொறுமையும் வேண்டும். பால் குழம்பாகிய பின்னரே சர்க்கரை சேர்ப்பது நலம்.

ஒரு கணக்கை மட்டும் மறவாதிருப்போம். ஒரு கிலோ பால்கோவாவிற்கு மூன்று லிட்டருக்கும் மேல் பால் வேண்டும்; விறகும் கூலியும் வேறு. அப்பாலின் விலைக்கும் குறைவாகப் பால்கோவா கிடைக்கிறதெனில், மகிழ்வதற்கு முன் சற்றே எண்ணிப் பார்ப்போம். விடியலில் மாடு கறப்பவருக்கும் அடுப்பின் முன் நின்று கிளறுபவருக்கும் உரிய கூலி சேர்ந்த இனிப்பே நம் பிள்ளைகளின் கையில் நாம் கொடுக்கத்தக்க இனிப்பு.