மேலே ஒருவர், கீழே ஒருவர்

எங்கள் தெருக்கோடியில் மரம் அறுக்கும் குழி ஒன்று இருந்தது. குறுக்கே போட்ட கட்டைகள்மேல் மரத்தை ஏற்றி, கரித்தண்ணீரில் நனைத்த நூலைச் சுண்டிக் கோடு போடுவார்கள். மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்து ரம்பத்தைத் தூக்குவார்; குழிக்குள் நிற்பவர் இழுப்பார். அறுபடுவது அந்தக் கீழிழுப்பில்தான். தூள் முழுக்க அவர் தலையில்தான் கொட்டும். துண்டை முக்காடு போட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இழுப்பார். சாயங்காலம் அவர் மேலேறி வரும்போது, பலா அறுத்த நாளென்றால் புருவம்கூட மஞ்சளாக இருக்கும்.

இடையிடையே வேலையை நிறுத்திப் பல் தீட்டுவார்கள். முக்கோண அரத்தால் ராவி, ஒரு பல்லை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமுமாகச் சாய்த்துவிடுவார்கள். சாய்வு குறைந்தால் ரம்பம் மரத்திலேயே இறுகிக்கொள்ளும்.

கரண்டு வந்து, மர மில்லும் வந்ததும் குழியைத் தூர்த்தார்கள். அந்த வேலை போனதற்கு நான் வருந்தவில்லை. இரண்டு சக்கரங்களில் பெல்ட்போல ஓடும் பேண்ட் சா, நாள் முழுக்க இழுத்த வேலையைச் சில நிமிடத்தில் முடித்தது. மாறாதது கணக்குதான்: சுற்றளவை நாலாக வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி சொல்லும் பழக்கம் இன்றும் இருக்கிறது.

இப்போது மெஷினே மரத்தைத் தேடி வருகிறது. பெட்ரோலில் ஓடும் செயின் ரம்பம். ஜெர்மனியில் 1920களில் உருவானபோது அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவத்தை, மரம் குடையும் வண்டுப்புழுவின் தாடையைப் பார்த்து 1947-இல் அமைத்தவர் அமெரிக்க மரவெட்டி ஜோசப் காக்ஸ். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை டெல்டாவில் துண்டு போட்டதும் இந்த மெஷின்தான்.

குழியில் தூள்தான் விழுந்தது. இதில் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில்கூட ஓடும். சங்கிலியைத் தாங்கும் இரும்புப் பட்டையின் மேல்முனை மரத்தில் இடித்தால் மெஷின் பிடித்தவர் முகத்தை நோக்கி எகிறும். போன மாதம் எங்கள் வீட்டு முருங்கையை வெட்ட வந்த தம்பி லுங்கியும் ரப்பர் செருப்புமாக ஏணியில் நின்றார். கண்ணாடி எங்கே என்றேன். “வேர்க்குதுண்ணே” என்றார்.

மரம் வெட்ட ஆள் கூப்பிடுகிறவர்கள் கூலி பேசும்போதே கண்ணாடி, ஹெல்மெட், ஷூவையும் பேசிவிடுங்கள். அவரிடம் இல்லையென்றால், நாமே வாங்கி வைத்திருந்து கொடுக்கலாம்.