பூச்சி பிடிக்கும் செடிகள்: மரக்காணம் கரையில் எங்கே தேடுவது?

பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி என்றதும் பலருக்கு நினைவு வருவது, இரு மடல் இலையைப் பட்டென்று மூடிக்கொள்ளும் வீனஸ் ஈப்பொறிதான். அது அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. ஆனால் பூச்சி பிடிக்கும் செடியைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். தமிழ்நாட்டுச் சமவெளியிலேயே இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, ஈரமான செம்மண்ணிலும் மணலிலும் முளைக்கும் டிரோசெரா. மற்றொன்று, குளம் குட்டைகளில் வேரே இல்லாமல் மிதக்கும் யூட்ரிகுலேரியா.

இவை எந்த இடத்தில் வளரும், எந்த இடத்தில் வளராது என்பதைப் புரிந்துகொள்ள விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் நல்ல இடம். கடலோரம் உப்பளங்கள். தெற்கே கழுவெளி நீர்நிலை. முகத்துவாரத்தை ஒட்டி உவர்நீர், தள்ளிப் போகப் போக ஏரிகளிலிருந்து வந்து சேரும் மழைநீர். 2021இல் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மேற்கே ஏரிப்பாசன ஊர்களும் செம்மண் நிலங்களும். சில கிலோமீட்டருக்குள் மண்ணும் நீரும் மாறிவிடுகின்றன, செடிகளும் மாறிவிடுகின்றன.

பூச்சி எதற்கு?

இந்தச் செடிகள் பூச்சியைத் தின்று பசியாறுவதில்லை. மற்ற செடிகளைப் போலவே வெயிலையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு தமக்கு வேண்டிய மாவுச்சத்தைத் தாமே தயாரிக்கின்றன. அவற்றுக்கு இல்லாதது தழைச்சத்தும் மணிச்சத்தும். நெல்லுக்கு யூரியாவும் டிஏபியும் எதற்குப் போடுகிறோமோ, அதற்குத்தான் இவை பூச்சியைத் தேடுகின்றன. மழை அடித்துச் சத்தைக் கரைத்துக்கொண்டு போன மண்ணில் வேருக்குக் கிடைக்காததை இலை பிடித்துக் கொடுக்கிறது.

பொறி செய்வது செடிக்குச் சுலபமான வேலையல்ல. பசையும் செரிமான நொதியும் சுரக்க வேண்டும். பொறியாக மாறிய இலை சாதாரண இலை அளவுக்கு உணவு தயாரிப்பதுமில்லை. இந்தச் செலவு எங்கே கட்டுப்படியாகும் என்பதை அமெரிக்கத் தாவரவியலர் தாமஸ் கிவ்னிஷ் 1984இல் விளக்கினார். வெயில் நிறைய இருக்க வேண்டும், ஈரம் இருக்க வேண்டும், மண்ணில் சத்து குறைவாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் பூச்சி பிடிப்பது லாபம். சத்துள்ள மண்ணில் வேகமாக வளரும் புல்லும் கோரையும் இவற்றை மூடிவிடும்.

ஒட்டிப் பிடிக்கும் டிரோசெரா

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும் வெட்டவெளிச் செம்மண்ணில் டிரோசெராவைத் தேடலாம். நின்றபடி பார்த்தால் தெரியாது, குனிய வேண்டும். டிரோசெரா பர்மானி என்னும் வகை தரையோடு ஒட்டிய சிவப்பு வட்டமாக, பெரும்பாலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குள்தான் இருக்கும். டிரோசெரா இண்டிகா ஒல்லியான நீள இலைகளோடு நிமிர்ந்து வளரும்.

இலை முழுக்க மெல்லிய காம்புகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சுரப்பி, அதன்மேல் கண்ணாடித் துளியாகப் பசை. பனித்துளிதான் என்று தோன்றும். ஆனால் பனித்துளி வெயில் ஏறினால் காய்ந்துவிடும், இது காயாது. எறும்போ சிறு ஈயோ வந்து உட்கார்ந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். திமிறத் திமிறப் பக்கத்துத் துளிகளும் உடம்பில் அப்பிக்கொள்ளும். பூச்சி மூச்சு விடும் துளைகளைப் பசை அடைத்துவிடும். சுற்றியுள்ள காம்புகள் பூச்சியின் பக்கம் வளைந்து அதை இலையின் நடுவுக்குத் தள்ளும். பல டிரோசெரா வகைகளில் இதற்கு நிமிடங்களிலிருந்து மணிக்கணக்கு வரை ஆகும். பர்மானியின் ஓரக் காம்புகளோ சில விநாடிகளில் வளைந்துவிடும்.

அதன்பின் நொதிகள் பூச்சியின் மெல்லிய பாகங்களைக் கரைக்கின்றன. அந்தச் சாற்றை இலை உறிஞ்சிக்கொள்கிறது. சில நாளில் இலை மறுபடி விரியும்போது பூச்சியின் மேலோடு மட்டும் கிடக்கும். பூவை மட்டும் இந்தச் செடி பொறிக்கு மேலே நீண்ட காம்பில் தூக்கிப் பிடிக்கிறது.

சார்லஸ் டார்வின் 1860இல் தொடங்கிப் பல ஆண்டுகள் டிரோசெராவை ஆராய்ந்து, 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றித் தனி நூலே எழுதினார். இலைமேல் இறைச்சித் துணுக்கு, முட்டை வெள்ளைக்கரு, கண்ணாடித் துண்டு என்று பலவற்றை வைத்துப் பார்த்தார். தழைச்சத்து உள்ள பொருளைத்தான் இலை விடாமல் பிடித்துச் செரித்தது.

உறிஞ்சிப் பிடிக்கும் யூட்ரிகுலேரியா

நல்ல தண்ணீர் ஏரியில் நீர்மட்டத்துக்கு மேல் சின்ன மஞ்சள் பூக்கள் நின்றால், கீழே யூட்ரிகுலேரியா ஆரியா இருக்க வாய்ப்பு உண்டு. அதன் ஒரு கிளையை வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். நூல் நூலாகப் பிரிந்த இலைகளுக்கு நடுவே ஓரிரு மில்லிமீட்டர் பைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சில பைகள் உள்ளே கருத்திருக்கும். பிடிபட்ட இரை அதில் இருக்கிறது.

பை, தன்னுள்ளே இருக்கும் தண்ணீரைச் சுவர் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறது. பக்கங்கள் உள்வாங்கிக் குழிகின்றன. அமுக்கிப் பிடித்த மை நிரப்பியின் ரப்பரைப் போல, விட்டால் உறிஞ்சத் தயாராக இருக்கிறது. வாயை ஒரு மெல்லிய கதவு அடைத்திருக்கும். வெளியே சில மயிரிழைகள். நீர்ப்பூச்சியோ இளம் கொசுப்புழுவோ இழையில் பட்டதும் கதவு உள்ளே மடங்கும், தண்ணீரோடு இரையும் உள்ளே போகும், கதவு மூடும். உறிஞ்சுவது ஒரு மில்லி விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. வீனஸ் ஈப்பொறி மூடச் சுமார் பத்தில் ஒரு விநாடி ஆகும். சுமார் அரை மணி நேரத்தில் பை தண்ணீரை வெளியேற்றி அடுத்த இரைக்குத் தயாராகிவிடும்.

இரை தானே முட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது என்றுதான் டார்வின் நினைத்திருந்தார். அமெரிக்காவின் மேரி ட்ரீட் என்ற பெண் உருப்பெருக்கியில் பொறுமையாகக் கவனித்து, பைதான் இரையைப் பிடிக்கிறது என்று காட்டினார்.

உப்பளத்தில் ஏன் இல்லை?

மரக்காணம் உப்பளத்தில் வெயிலுக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் அங்கே இந்தச் செடிகள் இருக்காது. அங்குள்ள சிக்கல் சத்துக் குறைவு அல்ல, உப்பு. உப்புநீர் செடியின் உடலிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடும். பூச்சியுண்ணும் செடிகள் பெரும்பாலும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பையே தாங்காதவை.

உப்பள வரப்பில் நிற்பவை வேறு திறமை படைத்தவை. உமரி, உப்பை வாங்கித் தடித்த இலைக்குள் அடைத்துக்கொள்கிறது. கிரெஸ்ஸா என்ற சாம்பல் நிறச் சிறுசெடி, உப்பைத் துளியாக இலைவழி வெளியேற்றுகிறது. மூலிகை மரபில் கிரெஸ்ஸாவையும் டிரோசெராவையும் அழுகண்ணி என்றே சொல்வதுண்டு, குழம்பிவிட வேண்டாம். உவர் நிலத்தில் இலைமேல் துளி நின்றால் அது உப்புநீர். அதில் எறும்பு ஒட்டாது.

சத்து கூடினால் அழியும்

பூச்சியுண்ணும் செடிகளுக்குப் பெரிய எதிரி சத்தில்லாத மண் அல்ல, உரம் கலந்த தண்ணீர். வயலிலிருந்து வடியும் உரநீரும் ஊரிலிருந்து வரும் சாக்கடையும் ஏரியில் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகி வெயிலை மறைத்துவிடும். யூட்ரிகுலேரியா காணாமல் போகும். செம்மண் வெளியை மண் அள்ளவும் மனை போடவும் எடுத்தால் டிரோசெரா போகும். இரண்டுமே மழையை நம்பி ஒரு பருவம் வாழ்ந்து, விதையை மண்ணில் விட்டுச் செல்பவை. அந்த மேல்மண் போனால் விதையும் போயிற்று.

எதுவும் விளையாத நிலத்தைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதுகிறோம். எழுதியதும் அது எதற்கும் ஆகாத இடம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சத்தில்லாததால்தான் அங்கே இவ்வளவு நுட்பமான உயிர்கள் தோன்றி நிலைத்திருக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகளை ஒரு பூதக்கண்ணாடியோடு அந்த வெளிக்குக் கூட்டிப் போகலாம். பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தால் பிழைக்காது. அங்கேயே குனிந்து பார்க்கட்டும். ஊர்க்கூட்டத்தில் அந்த நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சு வரும்போது, அங்கே என்ன வளர்கிறது என்று சொல்ல நாலு பேராவது இருக்க வேண்டும்.