பக்கத்து வீட்டு நாய் கோழியைக் கடித்தால்...

ஒரு நாள் காலையில் திரேஸ்புரம் பக்கமிருந்து ஓர் அம்மா என் வைத்தியசாலைக்கு வந்தார். நாடி பார்க்கக் கையை நீட்டவில்லை. முந்தானையால் கையை மூடிக்கொண்டே கேட்டார்:

"டாக்டரய்யா, கொஞ்சம் எட்டிக்கொட்டை வேணும்."

"எதுக்கும்மா?"

"பக்கத்து வீட்டு நாய் முந்தாநாள் மூணு கோழியக் கொன்னுட்டு. போன மாசம் ரெண்டு. கேட்டா சண்டைக்கு வாராக. கருவாட்டுல வச்சுக் குடுத்துட்டா சனியன் ஒழிஞ்சிரும்."

அவர் கோபம் நியாயமானதுதான். ஒரு கோழியை அடைக்கு வைத்து, 21 நாள் காத்திருந்து, குஞ்சுகளைப் பருந்துக்கும் காக்காய்க்கும் தப்ப வைத்து வளர்க்கிறவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். கடலில் பாடு இல்லாத நாளில் முட்டை விற்ற காசுதான் அடுப்பை எரிய வைக்கும்.

ஆனால் என் கண் அவர் முந்தானை மேலேயே இருந்தது. "கையைக் காட்டுங்க" என்றேன். புறங்கையில் இரண்டு பல் பதிந்த காயம். மேலே மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தது. கோழியைப் பிடுங்கப் போனபோது பட்டதாம். "அது சின்னக் கடிதான், கோழிக்கு வழி சொல்லுங்க" என்கிறார்!

வாசகர்களே, கோழி போனால் இன்னொரு கோழி வாங்கலாம். அந்தச் சின்னக் கடி அப்படிப்பட்டதல்ல.

முதலில் உங்கள் கை

வெறிநாய்க்கடி நோய்க்கான கிருமி நாயின் எச்சிலில் இருக்கும். காயம் வழியாக நரம்பில் ஏறி மூளைக்குப் போகும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் நோய் தெரியும். சிலருக்குச் சில வாரத்திலேயே வரும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். தண்ணீரைக் கண்டு பயப்படுகிற நிலை வந்துவிட்டால், எந்த வைத்தியத்தாலும் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். நான் சித்த மருத்துவக் கல்லூரியில் நஞ்சு மருத்துவம் படித்தவன். படித்ததனாலேயே சொல்கிறேன், இதற்குப் பச்சிலையை நம்பி உட்காராதீர்கள். ஊமத்தை கொடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஊமத்தையே ஒரு விஷம்.

கடி பட்டவுடன் செய்ய வேண்டியது இதுதான். ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, முழுசாக 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். இவை புண்ணை எரிச்சலாக்கிக் கிருமியை உள்ளே தள்ளும். இறுக்கிக் கட்டவும் கூடாது. பிறகு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசிக்குக் காசு இல்லை.

"தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவாகளே" என்று பயப்படுகிறவர்கள் இன்னும் உண்டு. அந்தப் பழைய மருந்தை நம் நாட்டில் நிறுத்தி இருபது வருடம் ஆகிவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாள். தசையில் போட்டால் 14-ம் நாளும் ஒன்று. ரத்தம் வந்த காயத்துக்குப் புண்ணைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தடுப்பு ஊசி முதன்முதலில் வேலை செய்தது 1885-ல். பிரான்சில் வெறிநாய் கடித்த 9 வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் போட்டுக் காப்பாற்றினார். அவர் பெயரில் நம் குன்னூரில் 1907-லேயே ஒரு நிலையம் தொடங்கிவிட்டார்கள்.

பத்தியம் கேட்பீர்களே! மீன், கருவாடு, கத்தரிக்காய் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. நாள் தவறாமல் ஊசி போடுவதுதான் பத்தியம்.

அந்த நாயைக் கொல்லாதீர்கள்

இது நாய் மேல் உள்ள இரக்கத்துக்காக மட்டும் சொல்வதல்ல. கடித்த நாயை 10 நாள் கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும். எச்சிலில் கிருமி இறங்கிய நாய் அதற்குள் நோய் காட்டிச் செத்துவிடும். 10 நாள் கழித்தும் நன்றாகத் தின்று திரிந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். மீதி ஊசி வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். (அதற்காக முதல் ஊசிக்கே 10 நாள் காத்திருக்கக் கூடாது.) உங்களுக்கு விஷம் ஏறியதா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த நாய்தான். சாட்சியைக் கொன்றுவிட்டால் யாரிடம் கேட்பது?

எட்டிக்கொட்டையைச் சித்த மருத்துவத்தில் முறைப்படி சுத்தி செய்யாமல் சேர்ப்பதில்லை. அதில் உள்ள ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சு உடம்பை வில்லாக வளைத்து, நினைவு தப்பாமலே மூச்சை நிறுத்தும். தெருவில் வைத்த விஷக் கருவாட்டை நாய்தான் தின்னும் என்று யார் எழுதிக் கொடுத்தது? தவழுகிற பிள்ளை எடுக்கும், ஆடு முகரும். கோழியைக் காப்பாற்ற வைத்ததைக் கோழியே கொத்தும்.

சட்டமும் விடாது. 1960-ம் வருட மிருகவதைத் தடைச் சட்டம் ஸ்ட்ரிக்னைனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. விலங்குக்கு விஷம் வைத்தால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 325-ம் பிரிவின்படி 5 வருடம் வரை சிறை. அதே சட்டத்தின் 291-ம் பிரிவு, தன் வளர்ப்புப் பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத உரிமையாளரையும் தண்டிக்கும். ஆக, நியாயம் கேட்க உங்களுக்கும் வழி இருக்கிறது.

கோழிக்கு என்ன செய்வது?

நாய் கோழியைக் கவ்வும்போது கையை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றுங்கள், அல்லது சாக்கைத் தூக்கி எறியுங்கள், தகரத்தைத் தட்டுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடவே கூடாது.

உயிர் தப்பிய கோழியை இருட்டான பெட்டியில் தனியாக விட்டுத் தண்ணீர் வையுங்கள். கையில் பாலிதீன் உறையை மாட்டிக்கொண்டு, ஆறிய உப்பு வெந்நீரில் புண்ணைக் கழுவி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசலாம். "எனக்கு மஞ்சள் கூடாதுன்னீங்க, கோழிக்கு மட்டும் எப்படி?" என்பீர்கள். வெறிநோய் பாலூட்டிகளின் நோய், கோழி மூலம் அது பரவுவதில்லை. கோழிக்குப் பயம் புண் சீழ் பிடிப்பதுதான். ஆழமான கடி என்றால் கால்நடை மருந்தகம் போங்கள். செத்த கோழியைக் குழம்பு வைக்காமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

நம் கரைப் பக்கத்தில் பழைய வலையைக் கட்டியே கோழி அடைக்கிறோம். அது பருந்துக்குத்தான் தடை. நாய் நைலானைக் கடித்து அறுத்துவிடும். பக்கத்தில் கம்பி வலை, மேலே மீன் வலை என்று வையுங்கள். உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வருடம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். மணல் தரையில் நாய் பறித்துக்கொண்டு உள்ளே போகும், அதனால் வலையை அரை அடி மண்ணுக்குள் இறக்கி மேலே கல் அடுக்குங்கள். கூட்டைத் தரையிலிருந்து உயர்த்தி, கதவுக்குக் கொண்டி போடுங்கள். பஞ்சாரம் கவிழ்த்தால் மேலே பாரம் வையுங்கள். மீன் குடலைக் கூட்டின் பக்கத்தில் கொட்டுவது நாய்க்கு வெற்றிலை பாக்கு வைப்பது மாதிரி.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடுவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். முயல் வேட்டைக்கு வளர்த்த சிப்பிப்பாறை வகை என்றால் கேட்கவே வேண்டாம். செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டுவதும், பிறகு பிடித்து அடிப்பதும் பயன் தராது. எதற்கு அடிக்கிறார்கள் என்று அதற்குப் புரியாது. கோழி மேயும் நேரத்தில் கட்டிப் போடுங்கள், வயிறு காயவிடாதீர்கள், வருடா வருடம் தடுப்பூசி போடுங்கள்.

அந்த அம்மாவுக்கு எட்டிக்கொட்டை தரவில்லை. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். இரண்டு நாள் தாமதம்தான், ஆனாலும் போனார். நாய்க்காரர் வீட்டிலும் ஆள் விட்டு, "பத்து நாள் கட்டிப் போடுங்க, ஒரு மனுஷி உயிர் சம்பந்தப்பட்டது" என்று சொல்லச் சொன்னேன். நாய் கட்டப்பட்டது. தினமும் அந்த அம்மாவே வேலி ஓரம் போய், அது சோறு தின்கிறதா என்று எட்டிப் பார்த்தாராம்.

பதினோராம் நாள் வந்தார். "நல்லாத் திங்கிது டாக்டரய்யா" என்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம். நாய்க்காரர் வீட்டிலிருந்து இரண்டு பெட்டைக் கோழியும் வந்து சேர்ந்ததாம்.