ஆசி வழங்கும் யானைக்கு நோயைத் தரலாமா?

திருவரங்கத்தில் பொழுது புலரும் வேளையில் நிகழும் விசுவரூப தரிசனத்தின்போது, அரங்கனின் திருமுன்பு பசுவும் யானையும் நிற்கின்றன. துலா மாதத்தில் காவிரித் தீர்த்தம் தங்கக் குடத்தில் யானையின் மீதேறித் திருமஞ்சனத்துக்கு வந்து சேருகிறது. காவிரிக்கு வெகு அருகிலுள்ள திருவானைக்காவில், வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளிய ஈசனை யானை ஒன்று நாள்தோறும் நீரும் மலரும் கொண்டு வழிபட்டது என்கிறது தலபுராணம். ஆதிமூலமே என்று அழைத்த கஜேந்திரனின் குரலுக்கு எம்பெருமான் கருடன் மீதேறி விரைந்து வந்த வரலாற்றை அறியாத வைணவ இல்லம் இல்லை. திருக்கோயிலில் நிற்கும் யானை அலங்காரத்துக்காக நிறுத்தப்பட்ட விலங்கு அன்று. அதுவும் இறைவனுக்குத் தொண்டு புரியும் அடியார்களில் ஒன்று என்பதே நம் முன்னோர் கொண்ட கருத்து.

அந்த அடியாரைக் காணும்போது பக்தர்களின் உள்ளம் குழைகிறது. பழமும் வெல்லமும் நீட்டுகிறார்கள். பேரக்குழந்தையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். தலை குனிந்து நிற்கிறார்கள். யானை துதிக்கையை உயர்த்தி உச்சியில் வைத்து ஆசி வழங்குகிறது. இக்கணத்தில் ஒன்றை எண்ணிப் பார்ப்பவர் மிகக் குறைவு. துதிக்கை யானைக்குக் கை மட்டுமன்று, மூக்கும் அதுவே. ஆசி பெறுபவரின் தலைக்கு மேல் யானையின் நாசித் துவாரங்கள் இருக்கின்றன. அவர் விடும் மூச்சை அது இழுக்கிறது; அது விடும் மூச்சு அவர் மீது படுகிறது. ஒரு நாளில் எத்தனையோ பேருடன் இந்த மூச்சுப் பரிமாற்றம் நிகழ்கிறது. அவர்களுள் ஒருவருக்குக் காசநோய் இருந்தால்?

மனிதரிடமிருந்து யானைக்கு

பழைய தலைமுறையினர் க்ஷயம் என்றும், எலும்புருக்கி என்றும் அஞ்சிய நோய்தான் காசநோய். தக்கனின் சாபத்தால் சந்திரனைப் பற்றித் தேய வைத்ததும் க்ஷயமே என்று புராணம் கூறும். இந்நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டறிந்ததாக ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் அறிவித்தார். உலகில் காசநோயால் பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் வாழ்கிறார்கள்.

விலங்குகளின் நோய் மனிதரைத் தொற்றுவதைப் பலரும் அறிவர். யானையின் காசநோயில் பெரும்பாலும் இது தலைகீழாக நிகழ்கிறது. வளர்ப்பு யானைகளின் உடலில் மருத்துவர்கள் கண்டெடுக்கும் கிருமி, பெரும்பாலும் மனிதரின் நுரையீரலில் வாழும் அதே வகைக் கிருமி. அது காட்டில் பிறந்ததன்று. மனிதருடன் நெருங்கி வாழ்ந்ததனால் யானைக்கு வந்தது. 1996-இல் அமெரிக்காவில் சர்க்கஸ் யானைகள் இரண்டு இந்நோயால் இறந்தன. அதன் பிறகே வளர்ப்பு யானைகளை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்ற நெறிமுறை அந்நாட்டில் வகுக்கப்பட்டது.

நோய் திரும்பி வருவதும் உண்டு. 2009-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள யானைக் காப்பகம் ஒன்றில், நோயுற்ற யானையிடமிருந்து ஊழியர்கள் சிலருக்குத் தொற்று ஏற்பட்டது ஆராய்ந்து உறுதி செய்யப்பட்டது. ஆகவே யானையின் நலமும் அதைச் சூழ்ந்துள்ள மனிதரின் நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

மறைந்திருக்கும் பிணி

யானையின் நோயறிவது பழங்காலத்திலேயே தனிக் கலையாக வளர்ந்திருந்தது. அங்க நாட்டு மன்னன் ரோமபாதனுக்குப் பாலகாப்பிய முனிவர் உபதேசித்ததாக அமைந்துள்ள ஹஸ்த்யாயுர்வேதம் என்னும் வடமொழி நூல், யானைக்கு வரும் பெருநோய்களையும் சிறுநோய்களையும் தனித்தனிப் பகுதிகளாக வகுத்து உரைக்கிறது. உண்ணும் கவளம், நடை, சாணம், கண் ஆகியவற்றைப் பார்த்தே நோயை உணரும் பாகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆயினும் காசநோய் அத்தகைய கண்களுக்கும் எளிதில் புலப்படுவதில்லை. தொற்றிய பின் பல ஆண்டுகள் யானை வழக்கம்போல் உண்ணும், நடக்கும், வீதியுலாவில் செல்லும். இருமல் இல்லாமலும் இருக்கலாம். உடல் மெலிவும் சோர்வும் வெளியே தெரியும்போது நுரையீரல் பெரிதும் கெட்டுப் போயிருக்கும். சில யானைகளுக்கு நோய் இருந்தது என்பதே இறந்த பின் நடந்த பிரேதப் பரிசோதனையில்தான் தெரிய வந்துள்ளது.

மனிதருக்கு ஐயம் எழுந்தால் மருத்துவர் மார்பை ஊடுகதிர்ப் படம் எடுக்கச் சொல்வார். வளர்ந்த யானையின் பேருடலை அக்கதிர் ஊடுருவிச் செல்வதில்லை. பசுவுக்கு வேறொரு முறை உண்டு. காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதத்தைக் கழுத்துத் தோலில் சிறிதளவு செலுத்தி, 72 மணி நேரம் கழித்து அவ்விடம் தடித்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். யானையின் தோலில் இச்சோதனை நம்பத்தக்க முடிவைத் தருவதில்லை. ஆகவே யானைக்கென்றே தனி வழிகள் தேவைப்பட்டன.

துதிக்கையைக் கழுவி எடுக்கும் நீர்

அவற்றுள் முதன்மையானது, துதிக்கையைக் கழுவிய நீரைச் சோதிப்பது. காலையில் யானை நீர் அருந்துவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. கிருமி நீக்கிய உப்புநீர் சுமார் 60 மில்லி லிட்டர், துதிக்கையின் துவாரத்தில் செலுத்தப்படுகிறது. பாகன் கட்டளையிட, யானை துதிக்கையை உயர்த்திச் சற்று நேரம் வைத்திருக்கிறது. நீர் உள்ளே சென்று படர்கிறது. பிறகு தூய பை ஒன்றைத் துதிக்கையின் நுனியில் பொருத்த, யானை மூச்சை ஊதி அந்நீரை வெளியேற்றுகிறது. இப்படி மூன்று வெவ்வேறு நாள்களில் நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

யானை ஒத்துழைக்காவிட்டால் இது நடவாது. துதிக்கையை உயர்த்து, பொறு, ஊது என்று அன்புடன் நாள்கணக்கில் பழக்க வேண்டும். ஆசி வழங்கப் பழகிய யானைக்கு இதையும் கற்பிப்பது பாகனால் இயலும். மருத்துவர் எத்தனை கற்றவராயினும், இங்கே பாகனின் சொல்லையும் யானை அவர்மீது கொண்ட நம்பிக்கையையும் சார்ந்தே நிற்கிறார்.

ஆய்வகத்தில் பொறுமை வேண்டும். காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளர்வது. முடிவு தெரிய எட்டு வாரங்கள் வரை ஆகலாம். யானை மண்ணையும் தூசியையும் துதிக்கையால் அள்ளிக்கொள்வதால், வேறு கிருமிகள் முந்திக்கொண்டு வளர்ந்து சோதனையைக் கெடுப்பதும் உண்டு. நோயுற்ற யானை எல்லா நாளும் கிருமியை வெளியேற்றுவதில்லை என்பது மற்றொரு இடர். கிருமி கிடைத்தால் நோய் உறுதி. கிடைக்காவிட்டால் நோய் இல்லை என்று உறுதி கூற இயலாது.

இக்குறையை ஈடுசெய்ய இரத்தப் பரிசோதனை உதவுகிறது. காதின் பின்புறத்து நரம்பிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்து, கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய பொருள்கள் அதில் உள்ளனவா என்று பார்க்கிறார்கள். துதிக்கை நீரில் கிருமி தென்படுவதற்குப் பல மாதங்கள், சில யானைகளில் பல ஆண்டுகள் முன்பே இரத்தம் இச்செய்தியைக் காட்டிவிடக்கூடும். ஆயினும் இது ஐயத்தை எழுப்பும் சான்றே தவிர முடிவான தீர்ப்பன்று. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையும் இப்போது உண்டு. ஒரே சோதனையை நம்பாமல் பலவற்றையும் இணைத்துப் பார்த்து, யானையின் எடையையும் உணவையும் பாகன் சொல்லும் செய்திகளையும் சேர்த்து எண்ணியே மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

காட்டு யானைக்கும் எட்டிய கிருமி

தென்னிந்தியக் காடுகளில் மூன்று காட்டு யானைகளுக்கு மனிதரின் காசநோய்க் கிருமி தொற்றியிருந்ததை மரபணுச் சோதனையால் உறுதி செய்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. கோயில் வாசலையே காணாத காட்டு யானை வரை மனிதரின் நோய் சென்றிருக்கிறது.

இத்தகைய தொற்றை 2021-இல் தமிழகம் கண்கூடாகக் கண்டது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியது போபால் ஆய்வகத்தில் உறுதியானது. பெண் சிங்கம் ஒன்று உயிரிழந்தது. உடனே முதுமலை தெப்பக்காடு முகாமின் 28 யானைகளிடமிருந்தும் மாதிரிகள் எடுத்து அனுப்பப்பட்டன. நல்லவேளையாக அவற்றுக்குத் தொற்று இல்லை என்று முடிவு வந்தது.

தீரும் நோய்தான்

காலத்தே கண்டறிந்தால் யானையின் காசநோய்க்குச் சிகிச்சை உண்டு. மனிதருக்குத் தரும் அதே மருந்துகள்தாம். அளவு மட்டும் யானையின் எடைக்கு ஏற்ப மிகப் பெரிது. சிகிச்சை ஓராண்டு வரையோ அதற்கு மேலோ நீளும். கசப்பை மோப்பத்தாலேயே அறிந்து யானை கவளத்தை ஒதுக்கிவிடுவதால், சில மருந்துகளை ஆசனவாய் வழியாகவும் செலுத்துகிறார்கள். அக்காலத்தில் நோயுற்ற யானையைத் தனியே வைத்துப் பேண வேண்டும். ஆசி வழங்கும் பணியிலிருந்து விலக்க வேண்டும். ஒரு யானை சில மாதங்கள் பக்தர்களுக்குக் காட்சி தராவிட்டால் அதை அபசகுனமென்று எண்ண வேண்டியதில்லை. அதற்கு ஓய்வும் மருந்தும் கிடைக்கின்றன என்று மகிழ வேண்டும்.

நல்ல உணவும் நடையும் காற்றோட்டமும் நோயை எதிர்க்கும் வலிமையைத் தருகின்றன. தமிழகத் திருக்கோயில் யானைகளுக்காக 2003-இல் முதுமலையில் தொடங்கி, பின்னர் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியிலும் நடத்தப்பட்ட புத்துணர்வு முகாம்களில் யானைகளை எடை பார்த்து, உடல்நலம் சோதித்து, திறந்தவெளியில் நடக்க விட்டார்கள். காசநோய்க் கிருமி இருளும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் உயிர்வாழும். வெயில் பட்டால் மடியும். வெளிச்சமும் காற்றும் புகும் கொட்டிலை யானைக்கு அமைத்துத் தருவது, பொன்முகபடாம் அணிவிப்பதைவிட மேலான உபயம்.

பக்தர் செய்யத்தக்க கைங்கரியம்

இதில் பக்தர்கள் ஆற்றவேண்டிய பங்கு மிக எளியது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருப்பவர், மாலையில் காய்ச்சல் காண்பவர், காரணமின்றி எடை குறைபவர் முதலில் அரசு மருத்துவமனைக்குச் சென்று சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். நலமாகும் வரை யானையைத் தொலைவில் நின்று வணங்கினால் போதும். வாயில் கடித்த பழத்தையும் குழந்தை தின்று மீந்த பண்டத்தையும் யானைக்கு நீட்டக் கூடாது. கொண்டுவரும் பழத்தைப் பாகனிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டுமே தரலாம்.

இரவு பகலாக யானையுடன் வாழ்பவர் பாகர். அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் ஆண்டுதோறும் காசநோய்ப் பரிசோதனை நடப்பது இன்றியமையாதது. யானைக்கு முகபடாமும் மணியும் வாங்கித் தரும் உபயதாரர்கள், பாகனின் மருத்துவச் செலவையும் உபயமாக ஏற்கலாம்.

கோசாலைகளுக்கும் இது பொருந்தும். மாடுகளின் காசநோய்க் கிருமி காய்ச்சாத பால் வழியே மனிதரை அடையக்கூடியது. கறந்த பாலை நன்கு காய்ச்சிய பின்னரே பருகும் நம் வீட்டு வழக்கத்தைக் கைவிடாதிருப்பதும், கோசாலைப் பசுக்களைக் கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதிப்பதும் கோபூஜையின் அங்கங்களே.

யானை வாய் திறந்து தன் நோயைச் சொல்லாது. மெலிந்து வருவதையும் மறைத்துக்கொண்டு, தலை குனிந்து நிற்பவருக்கெல்லாம் துதிக்கையை உயர்த்தும். கஜேந்திரனின் துயரைத் தீர்க்க எம்பெருமான் வைகுந்தத்திலிருந்து வந்தான். திருக்கோயில் யானைக்கு இத்துயர் வாராமல் காப்பது, இருமும்போது நான்கடி விலகி நிற்கும் ஒவ்வொரு பக்தர் கையிலும் இருக்கிறது.