100.5: ஒரு மலையும் முக்கால் மீட்டர் ஒயரும்

போன தீபாவளிக்கு, இன்டர்ன்ஷிப்ல வந்த முதல் பணத்துல எங்க அத்தைக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தேன். அதுவரைக்கும் அவங்ககிட்ட இருந்தது ஓரம் தேஞ்ச பட்டன் போன். வீட்டுல எல்லாருக்கும் பெருமை. எனக்குக் கொஞ்சம் கூடுதலாவே பெருமை. பொங்கலுக்கு வத்தலக்குண்டு போனப்ப அத்தை என்னைத் தனியா கூப்பிட்டு, ஏதோ தப்பா கேக்குற மாதிரி மெதுவா கேட்டாங்க: "ஏய்யா, இதுல கொடைக்கானல் எங்கய்யா இருக்கு?"

எங்க ஊர்க்காரங்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். கொடைக்கானல்னா இங்க ஊர் மட்டும் இல்ல. ஆகாசவாணியோட கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். அத்தை விடியறதுக்கு முன்னாடியே தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு மல்லிகைத் தோட்டத்துக்குப் போயிடுவாங்க. மொட்டு விரியறதுக்குள்ள எடுத்து நிலக்கோட்டை சந்தைக்கு அனுப்பணும். ரெண்டு கையும் பூவுல இருக்கும், மடியில பழைய பட்டன் போன் பாடிக்கிட்டு இருக்கும். ஒரு தடவை ஆன் பண்ணினா போதும். அடுத்து என்ன பாட்டுன்னு அது அவங்களைக் கேட்காது, அவங்களும் அதைக் கேட்கமாட்டாங்க.

நான் வாங்கிக் கொடுத்த போன்ல எஃப்எம் இல்ல. "அதனால என்ன அத்தை, எல்லாப் பாட்டும் நெட்டுல இருக்கு"ன்னு ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தேன். பாட்டுக்கு நடுவுல விளம்பரம் வந்தது. அதைத் தள்ளிவிட ஈரக்கையால தொட்டா வேற எங்கேயோ போய் நின்னது. ஒரு பழைய பாட்டைத் தேடினா அதோட முப்பது செகண்ட் துண்டுதான் வரிசையா வந்தது. நாலு நாள்ல அத்தை போனை வீட்டுலயே வச்சுட்டுப் போக ஆரம்பிச்சுட்டாங்க. தோட்டத்துல இப்ப சத்தமே இல்ல. அந்த மௌனத்துக்கு நான்தான் காரணம்னு தோணினதும், நான் படிக்கிற ஈசிஈ படிப்புக்கு முதல் முறையா ஒரு நிஜமான கேள்வி கிடைச்சது. அந்தப் பழைய போன் செஞ்சதை இந்தப் புது போனால ஏன் செய்ய முடியல?

முதல்ல மலைக் கணக்கு. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டுல போற அலை. பூமி உருண்டையா இருக்கிறதால கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்தான் அதால எட்டிப் பார்க்க முடியும். ரேடியோ தொடுவானத்துக்கு நம்ம பாடத்துல வர்ற சூத்திரம் இதுதான்: உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 4.12-ஆல பெருக்கினா தூரம் கிலோமீட்டர்ல கிடைக்கும். சமவெளியில 100 மீட்டர் டவர் கட்டினா சுமார் 41 கிலோமீட்டர். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 2,100 மீட்டர். எங்க சமவெளியில இருந்து பார்த்தா 1,800 மீட்டர்னு வச்சுக்குவோம். டவரோட உயரத்தைச் சேர்க்காமலே 175 கிலோமீட்டர் வருது. வத்தலக்குண்டு அங்கிருந்து நேர்கோட்டுல சுமார் 30 கிலோமீட்டர்தான். மதுரை 80-க்குள்ளதான். திருச்சிகூட இந்தக் கணக்குக்குள்ள அடங்கிடும். நடுவுல இன்னொரு மலை மறைச்சா கரகரக்கும், அது வேற விஷயம். பஸ்ஸுல ஏறினா கொண்டை ஊசி வளைவுகள்ல தலை சுத்தவைக்கிற அதே மலைதான், எங்களுக்குச் செலவே இல்லாம கிடைச்ச டவர். எங்க அப்பா தலைமுறைக்கு தூர்தர்ஷனைக் கொண்டுவந்து கொடுத்ததும் இதே மலைதான்.

ரெண்டாவது, சத்தம். தாத்தா காலத்துல இலங்கை வானொலி. பி.எச். அப்துல் ஹமீது குரலுக்காகவே ஊர் முழுக்க மத்திய அலையில காதை வச்சிருந்த காலம். ஆனா பக்கத்துல மோட்டார் ஓடினாலும் மின்னல் வெட்டினாலும் ரேடியோ இரையும். காரணம், ஏஎம்-ல செய்தி அலையோட வீச்சுல ஒளிஞ்சிருக்கு. மோட்டார் பொறியும் மின்னலும் கெடுக்கிறது அதே வீச்சைத்தான். எஃப்எம்-ல செய்தி அதிர்வெண்ணுல இருக்கு. வீச்சுல வர்ற குப்பையை ரிசீவர் வெட்டி எறிஞ்சுடலாம். அமெரிக்காவுல எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். இதுக்கு விலையும் உண்டு: ஒரு நிலையத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேணும். கார்சன் விதியைத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் பண்ணினவங்க இப்ப ஒரு தடவை போட்டுப் பாருங்க. 75-ஐயும் 15-ஐயும் கூட்டி ரெண்டால பெருக்கினா 180. மிச்சம் பக்கத்து நிலையத்தோட இடிக்காம இருக்கிறதுக்கான இடைவெளி.

முக்கியமானது மூணாவதுதான். கொடைக்கானல் டிரான்ஸ்மிட்டர் 10 கிலோவாட். ஒருத்தர் கேட்டாலும் 10 கிலோவாட், ஒரு லட்சம் பேர் கேட்டாலும் அதே 10 கிலோவாட். யார் கேட்கிறாங்கன்னு அதுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க வழியும் இல்ல. இணையத்துல அப்படி இல்ல. ஒவ்வொரு காதுக்கும் சர்வர்ல இருந்து தனித்தனியா ஒரு பிரதி கிளம்பி வரணும். 128 கேபிபிஎஸ்-ல ஒரு மணி நேரம் பாட்டு கேட்டா 57.6 எம்பி. ஒரு லட்சம் பேர் சேர்ந்து கேட்டா நொடிக்கு 12.8 ஜிகாபிட். ஒவ்வொரு ஆளுக்கும் செலவு ஏறுறதால ஒவ்வொரு ஆளையும் எண்ணியாகணும். எண்ண ஆரம்பிச்சவன் அதோட நிறுத்தமாட்டான். எந்தப் பாட்டைத் தாண்டினே, எந்த விளம்பரத்துல கை நின்னதுன்னு எல்லாத்தையும் குறிச்சு வைப்பான். நம்மள எரிச்சலூட்டுற இணையம் யாரோ கெட்டவங்க உட்கார்ந்து யோசிச்சதால மட்டும் வந்தது இல்ல. பாதி இந்த அமைப்பிலேயே இருக்கு. மீதிப் பாதி பேராசைதான், அதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொரு வித்தியாசம் எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமலே இருந்தது. சின்ன வயசுல ஸ்கூலுக்கு நடந்து போகும்போது, முதல் வீட்டுல ஆரம்பிச்ச பாட்டு தெருக்கோடி வரைக்கும் அறுபடாம கூடவே வரும். பல்லவி ஒரு திண்ணையில, சரணம் ஒரு டீக்கடையில. ஆகாசவாணிக்கே இப்ப செயலி இருக்கு, நேரலையும் வருது. ஆனா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு போன்ல அதைப் போட்டுப் பாருங்க, ஒண்ணு முன்னாடியும் ஒண்ணு பின்னாடியும் ஓடும். நேரலையைச் சில செகண்ட் துண்டுகளா வெட்டி அனுப்புறாங்க. ஒவ்வொரு போனும் தன் வசதிக்குக் கொஞ்சம் சேர்த்து வச்சுக்கிட்டுதான் வாசிக்கும். மலையில இருந்து எங்க ஊருக்கு ரேடியோ அலை வர ஒரு மில்லிசெகண்டுல பத்துல ஒரு பங்கு போதும். அதனாலதான் தெருவே ஒரே பாட்டைப் பாடினது.

ரேடியோ குறை இல்லாததுன்னு சொல்ல வரல. வேணும்கிற பாட்டுக்கு ஐம்பது காசு தபால் அட்டை போட்டு வாரக்கணக்குல காத்திருக்கணும். பாட்டு பாதியில செய்தி வந்துடும். பதிலுக்கு எதிர்த்துப் பேச வழியில்ல. ஹாஸ்டல்ல இதைச் சொன்னப்ப, "மாப்ள, நீ போன ஜென்மத்துல டிரான்சிஸ்டர்டா"ன்னு சிரிச்சானுங்க. சிரிக்கட்டும்.

சரி, புது போன்ல எஃப்எம் ஏன் இல்ல? பல போன்கள்ல வைஃபை, புளூடூத் இருக்கிற அதே சில்லுக்குள்ள எஃப்எம் பகுதியும் இருக்கலாம். ஆனா அதை ஆண்டெனாவோட இணைக்காமலோ, மென்பொருள்ல திறக்காமலோ விட்டுடுவாங்க. ஆண்டெனாவே இன்னொரு சிக்கல். 100.5 மெகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 2.98 மீட்டர். அதுல கால்பங்கு, அதாவது முக்கால் மீட்டர், கம்பி இருந்தா நல்லா பிடிக்கும். போனுக்குள்ள அதுக்கு இடம் இல்ல. அதனாலதான் பழைய போன்கள் இயர்போன் ஒயரையே ஆண்டெனாவா எடுத்துக்கிட்டது. இயர்போன் ஓட்டையை அடைச்சு புளூடூத்துக்கு மாறினதும் அந்தக் கம்பியும் போச்சு. எஃப்எம் வசதியை எடுத்துடாதீங்கன்னு 2023-ல மத்திய மின்னணு அமைச்சகம் போன் தயாரிக்கிறவங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பினது. அறிவுரைதான், சட்டம் இல்ல.

பொங்கல் லீவு முடியறதுக்குள்ள, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில சின்ன ஸ்பீக்கர் பெட்டி வாங்கினேன். பென்டிரைவும் போடலாம், எஃப்எம்மும் வரும். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டா வெறும் இரைச்சல். கழட்டிப் பார்த்தா ஆண்டெனான்னு உள்ள ஒரு விரல் நீளத்துக்குக் கம்பி. பழைய சார்ஜர் ஒயரை வெட்டி, 75 சென்டிமீட்டர் அளந்து, சால்டர் வச்சு வெளிய தொங்கவிட்டேன். மூணு வருஷப் படிப்புல நான் செஞ்ச உருப்படியான சர்க்யூட் வேலை இது ஒண்ணுதான்னு நினைக்கிறேன்.

மறுநாள் விடியறதுக்கு முன்னாடி அத்தை அதைத் தோட்டத்துல பம்ப்செட் ரூம் ஆணியில மாட்டினாங்க. ஒயர் மேற்கால மலையைப் பார்த்துத் தொங்கினது. ரெண்டு வரப்பு தள்ளிப் பூ எடுத்துக்கிட்டு இருந்தவங்க நிமிர்ந்து, "யக்கா, கொஞ்சம் சத்தமா வையி"ன்னாங்க.