வயலிலிருந்து மேடைக்கு

நுழையும்முன்

இயற்றியவர் பெயர் தெரியாமலே தலைமுறைகளைக் கடந்து வாழ்பவை நாட்டுப்புறப் பாடல்கள். 1980களில் அவை ஒலிநாடாவிலும் மேடையிலும் பல்கலைக்கழக வகுப்பறையிலும் பரவலாக ஒலிக்கத் தொடங்கின. அந்தப் பத்தாண்டில் அவ்விசை பெற்றதையும் இழந்ததையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தொழிலோடு பிறந்த இசை

புதுச்சேரியை அடுத்த பாகூர் போன்ற நெல் விளையும் ஊர்களில் பாட்டும் வேலையின் ஒரு பகுதியே. நாற்று நடும் பெண்களுள் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதனை வாங்கிப் பாடுவர். ‘தன்னானே’ என்னும் சந்தச்சொல் பல கைகளின் அசைவை ஒன்றாக்கும். வேலை நீளும்வரை பாட்டும் நீளும். பாடுந்தோறும் சொற்கள் மாறும். குறைந்த கூலியும் பிறந்தவீட்டு நினைவும் மேற்பார்ப்பவரின் கெடுபிடியும் அதில் இடம்பெறும். பாடுவோரே அதனைக் கேட்போருமாவர்.

ஒலிநாடா வந்தபோது

1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின் வழியே நாட்டுப்புற இசையின் மணத்தைத் தமிழகமெங்கும் பரப்பினார் இளையராஜா. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஒலிநாடாக் கருவி சிற்றூர்களின் தேநீர்க் கடைகளையும் எட்டியது. இசைத்தட்டைவிட ஒலிநாடாவின் விலை குறைவு, படியெடுப்பதும் எளிது. எனவே, பெருநிறுவனங்களின் துணையின்றியும் பாடல்கள் பரவின. மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் இணையர் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி, அவற்றை மேடைகளிலும் பாடினர். வானொலியில் பாடிப் புகழ்பெற்ற கொல்லங்குடி கருப்பாயி, 1985இல் ‘ஆண்பாவம்’ திரைப்படத்தில் நடித்தார்.

இவ்வளர்ச்சி சில இழப்புகளையும் உடன்கொண்டு வந்தது. அறுபது நிமிட ஒலிநாடாவின் ஒரு பக்கத்தில் முப்பது நிமிடங்களே பதிய இயலும். அதற்குள் பல பாடல்கள் அடங்க வேண்டியிருந்ததால் ஒவ்வொன்றும் சில நிமிடங்களாகச் சுருங்கியது. பாடுந்தோறும் மாறிய பாடல், பதிவான ஒரே வடிவில் நிலைபெற்றது. ஒலிநாடா உறையில் பாடகரின் பெயர் இருந்தது. அப்பாடலை ஆக்கிக் காத்துவந்த உழைக்கும் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

மேடை தந்த மதிப்பு

சிற்றூர்களில் பறை இசைப்பது, ஒடுக்கப்பட்ட மக்கள்மீது சுமத்தப்பட்ட கட்டாயப் பணியாகவும் இருந்தது. அந்த இழிவை மறுத்து, பறையை உரிமைக்குரலின் கருவியாக்கிய கலைஞர்களுள் ஒருவர் கே. ஏ. குணசேகரன். 1955இல் சிவகங்கைப் பகுதியிலுள்ள மாரந்தையில் பிறந்த அவர், ‘தன்னானே’ என்னும் சந்தச்சொல்லையே தம் கலைக்குழுவிற்குப் பெயராகச் சூட்டினார். கவிஞர் இன்குலாப் இயற்றிய ‘மனுசங்கடா’ என்னும் பாடலை ஊர்தோறும் பாடினார். வயலில் தமக்குள் பாடிக்கொண்ட குறை, மேடையில் சமூகத்தை நோக்கி எழுப்பும் கேள்வியாயிற்று. மெட்டு பழையது, அதனைக் கேட்போர் புதியவர். அக்காலத்து மாற்றங்களுள் இதுவே தலையாயது.

1985இல் புதுவைப் பல்கலைக்கழகம் தோன்றியது. புதுச்சேரியில் 1922இல் மறைந்த நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரால் அங்கு நிகழ்கலைப் பள்ளி அமைந்தது. குணசேகரன் பின்னாளில் அப்பள்ளியின் பேராசிரியராகத் திகழ்ந்தார். ஒருகாலத்தில் தெருவோரம் நிற்கவைக்கப்பட்ட கலை, பாடமாகக் கற்பிக்கப்படும் நிலையை அடைந்தது. தம் இளமையில் பட்ட சாதிக் கொடுமைகளை ‘வடு’ என்னும் தன்வரலாற்று நூலில் அவர் பதிவுசெய்துள்ளார்.

காக்க வேண்டியது

இயந்திர நடவு பரவியபின் நடவுப்பாட்டு ஒலிக்கும் வயல்கள் அருகிவருகின்றன. பதிவு மட்டுமே ஒரு பாடலை முழுமையாகக் காத்துவிடாது. பாடியவர் யார், எவ்வூரினர், எவ்வேலையின்போது பாடினார் என்பனவும் பாடலோடு சேர்த்துப் பதியப்பட வேண்டும். உழைத்தவரின் பெயரோடு வாழும் பாடலே அவர்களுக்குரிய மதிப்பையும் உடன்கொண்டு வாழும்.