சிற்றூர்ப் பாதையும் பெருவண்டியும்

மாமல்லபுரத்துக் கடற்கோயிலும் ஒற்றைக்கல் ரதங்களும் 1984-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றன. அவற்றைக் காண வருவோரில் பெரும்பாலோர் பஸ்ஸிலோ காரிலோ வந்து திரும்பிவிடுகின்றனர். ஒரு சிலர் மட்டும் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளியலறை யாவும் உள்ளடங்கிய மோட்டார் வீட்டு வண்டிகளைத் தாமே ஓட்டிக்கொண்டு, ஐரோப்பாவிலிருந்து தரை வழியாகவே வந்து சேர்கின்றனர். சினிமாப் படப்பிடிப்புக்கு வரும் கேரவன் வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் புதிதன்று. கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிச் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆகவே இவ்வண்டிகள் தென்னாட்டுச் சாலைகளில் இனி அதிகமாகவே தென்படும் என்று எதிர்பார்க்கலாம்.

விருந்தினர் வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் 10 அல்லது 12 மீட்டர் நீளமும், இரண்டரை மீட்டர் அகலமும், மூன்றரை மீட்டருக்கு மேல் உயரமும், 10 டன்னுக்கு மேல் எடையும் உள்ள வண்டியொன்று நம் ஏரிக்கரைப் பாதையில் இறங்கிச் சிக்கிக்கொண்டால் கஷ்டப்படுகிறவர் அதன் சொந்தக்காரர் மட்டுமல்லர். பள்ளிப் பிள்ளைகளும், பால் கொண்டு செல்வோரும், 108 ஆம்புலன்ஸை எதிர்பார்த்திருக்கும் நோயாளியும் அந்த ஒரே பாதையைத்தான் நம்பியிருக்கின்றனர். மேலும், வீட்டு வண்டிக்கு நேர்வதே நெல் அறுவடை யந்திரத்தை ஏற்றிவரும் லாரிக்கும், கரும்பு லாரிக்கும், ஜல்லி லாரிக்கும் நேர்கின்றது. எனவே இது அயல்நாட்டார் பிரச்சினை என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒதுக்கிவிட முடியாது.

செங்கற்பட்டு வழியே செல்லும் பெருஞ்சாலைக்கும் மாமல்லபுரத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம் உள்ளது. திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லும் சாலை நல்ல சாலை. அதில் பஸ்களும் லாரிகளும் தடையின்றிச் செல்கின்றன. ஆயினும் கைபேசியின் வரைபடம் ‘இவ்வழியே சென்றால் 10 நிமிஷம் மிச்சம்’ என்று காட்டியவுடன் ஓட்டுநர் கிளைப் பாதையில் திரும்பிவிடுகின்றார். பாதை தார் போட்டிருக்கிறதா என்பதை வரைபடம் ஒருவேளை அறியும். மதகின் மேல் கட்டிய பழைய பாலம் எவ்வளவு எடை தாங்கும், தெருமுனைத் திண்ணை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, மின்கம்பி எங்கே தொய்ந்திருக்கிறது என்பவை அதற்குத் தெரியா. அவற்றை அறிந்தவர் ஊரார் மட்டுமே.

கிராமப் பாதைகளில் தார்ப்பகுதி வழக்கமாக 3.75 மீட்டர் அகலம் கொண்டது. போக்குவரத்துக் குறைந்த இடங்களில் 3 மீட்டரே. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் பாதைகளும் இவ்வளவினவே. இரண்டரை மீட்டர் அகலமுள்ள வண்டி 3.75 மீட்டர்ப் பாதையில் சென்றால் ஒன்றேகால் மீட்டர் மிஞ்சுகிறது. எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் இரண்டும் வெளிப்பக்கச் சக்கரங்களை ஓரத்து மண்ணில் இறக்கியே தீர வேண்டும். பெருவண்டிகள் சிக்கும் இடம் பெரும்பாலும் தாரன்று, இந்த ஓரத்து மண்தான்.

‘நாம் நடந்தால் கால் புதையவில்லையே, வண்டி எப்படிப் புதையும்?’ என்று சிலர் வியப்பதுண்டு. நிற்கும் மனிதனின் பாதம் தரையை ஒரு சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 3 அல்லது 4 ராத்தல் வீதமே அழுத்துகின்றது. கனரக வண்டியின் டயரில் ஒரு சதுர அங்குலத்திற்கு 100 ராத்தல் அளவில் காற்று அடைத்திருக்கும். தரையின் மீது அது செலுத்தும் அழுத்தமும் சுமாராக அவ்வளவே. ஆகவே மனிதன் நடந்து பார்த்து ‘தரை கெட்டி’ என்று கையசைப்பது நம்பத்தக்க சோதனை ஆகாது. எத்தனையோ ஓட்டுநர்கள் இந்தக் கையசைப்பை நம்பியே இறங்கியிருக்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் மண் ஒரே தன்மையதன்று. கடலோரத்தில் மணல், பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய தாழ்நிலத்தில் உப்பேறிய களி, உள்நாட்டில் ஏரி வண்டலும் செம்மண்ணும். மணலும் களியும் ஒன்றுக்கொன்று நேர்மாறான குணமுடையவை. சிறிது ஈரமுள்ள மணலில் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதன் மேல் வண்டி ஓடும். வெயிலில் உலர்ந்தால் அம்மணலே உதிர்ந்து சக்கரத்தை விழுங்கும். களியோ காய்ந்தால் கல், நனைந்தால் கூழ். அதிலும் வஞ்சகமானது, மேலே வெயிலில் வெடித்து அடியில் சேறாக நிற்கும் கால்வாயோரக் களி. மேற்பொருக்கு ஓர் ஆளைத் தாங்கும், ஆட்டு மந்தையையும் தாங்கும்; பெருவண்டியின் பின்சக்கரம் ஏறியதும் உடையும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தை மாதத்தில்கூட இந்நிலை நீடிப்பதுண்டு. வெளிநாட்டினர் அதிகமாக வரும் பருவமும் அதுவே.

எடை பாதையை எவ்வாறு சிதைக்கிறது என்பதை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடத்திய சாலைப் பரிசோதனை தெளிவாக்கியது. லாரிகளை ஒரே பாதையில் இரவும் பகலும் ஓட்டிப் பார்த்ததில், அச்சின் எடை இரு மடங்கானால் சேதம் இரு மடங்காவதில்லை, சுமார் 16 மடங்காகிறது என்று கண்டனர். நம் நாட்டில் நான்கு டயர் பொருத்திய ஓர் அச்சின் மீது அனுமதித்த எடையை 2018-ஆம் ஆண்டில் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினர். ஒன்றேகால் டன்தானே என்று தோன்றும். இக்கணக்கின்படி பார்த்தால் சேதமோ ஏறத்தாழ 1.6 மடங்கு. சிறு வண்டிகளை எண்ணிப் போட்ட பாதையில் இந்த எடை ஏறி இறங்கினால் அது எத்தனை மழையைத் தாங்கும் என்பதை விவசாயிகளே யூகித்துக்கொள்ளலாம்.

ஏரிக்கரையின் நிலை இன்னும் கவலைக்குரியது. கரை நீரைத் தாங்குவதற்கென்று போட்டது. பாதை அதன் மேல் பிற்காலத்தில் ஏறிக்கொண்டது. பெருவண்டியின் சக்கரம் கரையின் விளிம்பில் அழுந்தி ஒரு முழ ஆழத்துக்குத் தடம் பதித்தால், அடுத்த மழையில் அத்தடத்தில் நீர் தேங்கும். தேங்கிய நீர் கரைக்குள் இறங்கும். சரிவில் மண் வழியும். வண்டியை வெளியே எடுத்த மறுநாள் ஊர் அதை மறந்துவிடுகிறது. தடத்தை மட்டும் யாரும் மூடுவதில்லை. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் பஞ்சாயத்து யூனியனின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. எவருடையதாயினும், தடத்தை அன்றே கிளறி, நல்ல மண் இட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். ஆயக்கட்டுக்காரர்கள் இதில் சிறிதும் தாமதிக்கலாகாது.

பெருவண்டியைக் குறுகிய வீதியில் செலுத்தும் வித்தை நம் முன்னோர் அறியாததன்று. திருக்கழுக்குன்றத்துத் தேரைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தேர் ஓடுவதற்கென்றே வீதியை அகலமாக விட்டு, திருப்பங்களில் இடம் ஒதுக்கி, முட்டுக்கட்டை போடுவதற்குப் பழகிய ஆட்களையும் வைத்திருந்தனர். தேருக்கேற்ற வீதி இல்லாத ஊரில் தேர் செய்யவில்லை. (மாமல்லபுரத்து ரதங்களைப் பற்றி இக்கவலையே இல்லை, அவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன.)

இக்காலத்தில் இந்த ஒழுங்கு தலைகீழானதற்கு அண்மை உதாரணம் ஒன்று உண்டு. வந்தவாசிக்கு அருகிலுள்ள கொரக்கோட்டையில் வெட்டிய பெருமாள் சிலைக்கான பாறையை 2018 டிசம்பரில் 240 சக்கர வண்டியொன்றில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டு சென்றனர். எடை 300 டன்னுக்கு மேல். ஊரைவிட்டுப் புறப்படுவதற்குள்ளேயே சக்கரங்கள் மண்ணில் அழுந்தின, டயர்கள் வெடித்தன. வழியிலுள்ள ஊர்களில் கடைகளையும் வீடுகளின் முகப்புகளையும் இடிக்க வேண்டி வந்தது. தென்பெண்ணையின் பாலம் தாங்காதென்று ஆற்றில் தனியாக மண்பாதை போட்டனர். சில நாள் பிரயாணம் பல மாதப் பிரயாணமாகியது. இத்தனைக்கும் அது பொறியாளர்கள் உடன் சென்று நடத்திய காரியம். தனியே வரும் வண்டிக்கு அவ்வுதவியும் இல்லை.

வண்டி சிக்கிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது, எஞ்சினை முடுக்காதிருத்தல். சுழலும் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். அச்சு தரையில் படிந்துவிட்டால் பின்பு எந்த யந்திரமும் எளிதில் இழுக்க முடியாது. சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணைச் சரிவாக வெட்டிவிட்டு, தென்னை மட்டையோ பனை மட்டையோ குறுக்காக அடுக்கலாம். டயரின் காற்றைக் குறைத்தால் அது தட்டையாகி அதிக இடத்தில் பரவும். மணலில் இது மிகவும் பயன்படும். ஆனால் கெட்டிப் பாதைக்கு வந்ததும் மீண்டும் காற்றடைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு வண்டியின் தொட்டியில் 300 லிட்டர் தண்ணீர் இருந்தால் அது 300 கிலோ எடை. அதை வெளியேற்றினால் வண்டி இலேசாகும். சக்கரத்தின் அருகில் திறந்துவிடாமல் குழாய் வைத்து அப்பால் விட வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது!

டிராக்டரைக் கொண்டு இழுப்பதில் உயிருக்கே ஆபத்து உண்டு. சங்கிலியைப் பின்னச்சின் மேலோ உயரமான இடத்திலோ மாட்டி இழுத்தால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பிப் பின்னோக்கிக் கவிழும். ஓட்டுபவர் குதிக்க நேரமிராது. தாழ்வான இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். சிக்கிய வண்டியிலும் அதற்கென அமைந்த கொக்கியில்தான் கட்ட வேண்டும். பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும் வரும். இறுகிய கம்பிவடம் அறுந்தால் சாட்டையைப் போல வீசும். எனவே வடத்தின் நடுவில் நனைத்த கோணிகளைப் போட்டு, வடத்தின் நீளத்தைப் போல ஒன்றரைப் பங்கு தூரத்துக்கு ஒருவரையும் நிற்கவிடாமல் செய்ய வேண்டும். வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை அப்புறப்படுத்துவது பஞ்சாயத்துத் தலைவரின் முதல் வேலை.

மின்கம்பியைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். தஞ்சாவூருக்கு அருகில் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி விடியுமுன் சப்பரம் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். வீதியைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்திலும், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டுமென்பது விதி. ஆனால் பழைய பாதையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் தார் போடும்போதெல்லாம் தரை உயர்கின்றது. கம்பியோ ஆண்டுதோறும் தொய்கின்றது. சிக்கிய வண்டி சாய்ந்து கம்பியில் பட்டுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே நிற்பவர்கள் அணுகலாகாது. மின்வாரிய ஊழியர் மின்சாரத்தை நிறுத்திவிட்டதாகச் சொல்லும் வரை ஒருவரும் வண்டியைத் தொடக் கூடாது.

உதவிக்குக் கூலி வாங்குவதில் தவறில்லை. டிராக்டருக்கு டீசல் செலவு உண்டு, ஜே.சி.பி. யந்திரத்திற்கு மணிக் கணக்கில் வாடகை உண்டு. ஆனால் வண்டி சேற்றில் நிற்கும்போது தொகையை மணிக்கு மணி உயர்த்துவது ஊருக்கு நற்பெயர் தருவதில்லை. தொகையை முன்னதாகவே பேசி எழுதிக்கொள்வதும், கரைக்கோ மதகுக்கோ ஏற்பட்ட சேதத்தைப் பஞ்சாயத்துச் செயலாளரும் கிராம நிர்வாக அலுவலரும் அவ்விடத்திலேயே படத்துடன் பதிவு செய்துகொள்வதும் முறையாகும். சேதத்தைப் பதியாமல் வண்டியை அனுப்பிவிட்டுப் பின்பு நம் அலுவலகத்தில் மனுக் கொடுப்பவர்களுக்கு நம்மால் அதிகம் செய்ய இயலுவதில்லை.

பாதையில் கனரக வண்டிகளைத் தடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு நேரடியாக இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி மாநில அரசோ அதனிடம் அதிகாரம் பெற்றவரோதான் அவ்வாறு உத்தரவிட இயலும். அதற்குரிய தீர்மானத்தை நிறைவேற்றி நம் அலுவலகத்தின் மூலம் கலெக்டருக்கு அனுப்பலாம். வாய்மொழியாகத் தடுத்து, பாதையின் குறுக்கே கல்லைப் போடுவது கூடாது; அக்கல்லே ஆம்புலன்ஸைத் தடுக்கும்.

உத்தரவுக்குக் காத்திராமல் செய்யக்கூடிய வேலையும் உண்டு. ஒரு காலை நேரம் போதும். இரண்டு அங்கத்தினர்கள் அளவு நாடாவுடன் பாதை நெடுகச் சென்று, மிகக் குறுகலான இடத்தின் அகலத்தையும், நீண்ட வண்டி திரும்பக்கூடிய கடைசி இடத்தையும், பழுதுற்ற மதகுப் பாலங்களையும் ஒரே தாளில் குறித்துக்கொள்ளலாம். பாலம் தாங்கும் எடையை யூனியன் பொறியாளரே கூற வேண்டும். கம்பியின் உயரத்தைக் கழியாலோ நாடாவாலோ அளக்க முற்படவே கூடாது. அதை மின்வாரிய ஊழியரைக் கொண்டே அறிய வேண்டும். சீமைக் கருவேல் மண்டி ஓர் ஓரத்தையே மறைத்துள்ள இடங்கள் நம் வட்டாரத்தில் அநேகம். அதை வெட்டினாலே பல பாதைகளில் அரை மீட்டர் கிடைக்கும். கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று இடங்களில் ஓரத்தைக் கிராவல் இட்டு இறுக்கினால் எதிரெதிர் வண்டிகள் ஒதுங்கிக்கொள்ளும். கைபேசி வரைபடத்தில் தவறான வழி காட்டப்பட்டால் அதைத் திருத்தச் சொல்லும் வசதி அவ்வரைபடத்திலேயே உள்ளது. ஊர் இளைஞர்கள் சில நிமிஷங்களில் செய்துவிடுவார்கள்.

அளவுகள் கிடைத்ததும் பலகை எழுத வேண்டும். ‘பெரிய வண்டிகள் செல்லக் கூடாது’ என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை; எவரும் தம் வண்டியைப் பெரியதென்று எண்ணுவதில்லை. ‘முன்னே அகலம் 3 மீட்டர், வண்டி திருப்ப இடமில்லை’ என்று எண்ணிட்டுத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால் அயல்நாட்டாரும் புரிந்துகொள்வர். பலகையை ஊர் எல்லையிலோ ஏரிக்கரையின் தொடக்கத்திலோ வைப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே அதைப் படித்தவர் பின்னோக்கி ஓட்ட வேண்டியவராகிறார். பெருஞ்சாலையிலிருந்து பாதை பிரியும் இடத்திலேயே, அச்சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையதாயின் அவர்களுடைய அனுமதி பெற்று, அதை நாட்ட வேண்டும். புரட்டாசிக்குள் இவ்வேலையை முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு பலகைக்குத் தோண்டும் குழியிலும் நீர் ஊறத் தொடங்கிவிடும்.